படகு ஜன்னல் ஏன் ஒழுகுகிறது?

கோலசிலாங்கூரிலிருந்து தஞ்சோங் காராங் செல்லும் சாலையில் சிலாங்கூர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பாசிர் பெனாம்பாங் வந்துவிடும். கடலுணவுக் கடைகளுக்குப் பெயர்போன இடம். ஆற்றோரத்தில் மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கும். அடுத்த முறை குடும்பத்தோடு அங்கே போனால், மேசைக்கு நண்டு வரும்வரை கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். படகுகளின் சுக்கான் அறை ஜன்னல்களைப் பாருங்கள். பழைய படகாக இருந்தால், ஜன்னலின் கீழ்மூலையிலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு கோடு கீழே இறங்கியிருப்பதைக் காணலாம். அந்த இடத்தில் பல மழைகளாகத் தண்ணீர் வழிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. செகிஞ்சானிலும் சுங்கை பெசாரிலும் உள்ள படகுத்துறைகளிலும் இதைத் தேடிப் பார்க்கலாம்.

படகில் இரண்டு வகை ஜன்னல்கள் உண்டு. ஒன்று திறந்து மூடுவது. மற்றொன்று திறக்கவே முடியாதபடி சுவரோடு சேர்த்துப் பொருத்தப்பட்டது. திறக்கும் ஜன்னல் ஒழுகினால் யாரும் வியப்படைவதில்லை. ஆனால் அசையாத ஜன்னல் ஏன் ஒழுக வேண்டும்? ஒட்டியது ஒட்டியபடியே இருக்க வேண்டாமா? இந்தச் சிறிய கேள்விக்குள் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் ஒன்றாகக் கூடியிருக்கின்றன.

இது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. சுக்கான் அறைக்குள்தான் வானொலிக் கருவி, ஜி.பி.எஸ்., ஆழம் காட்டும் கருவி, மின்கம்பிகள் எல்லாம் இருக்கின்றன. ஜன்னல் ஓரத்தில் இறங்கும் உப்புநீர் இவற்றைத் தின்றுவிடும். மழைநீர் மரச்சட்டத்தை மக்க வைக்கும். மக்கிய சட்டத்தில் நிற்கும் ஜன்னல், ஒரு பெரிய அலை வந்து மோதும் நாளில் அப்படியே உள்ளே பெயர்ந்து விழக்கூடும். அந்த நேரத்தில் அதற்குப் பின்னால் நிற்பவர் படகை ஓட்டும் தெக்கோங்.

தண்ணீர் நுழையும் மூன்று வழிகள்

தண்ணீர் மேலிருந்து கீழே வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அது கீழிருந்து மேலேயும் ஏறும், பக்கவாட்டிலும் நுழையும்.

முதல் வழி, நுண்புழை ஏற்றம். இரண்டு பரப்புகளுக்கு நடுவே மிகக் குறுகிய இடுக்கு இருந்தால், பரப்பு இழுவிசையின் காரணமாகத் தண்ணீர் அதற்குள் தானாகவே ஏறும். இரண்டு சுத்தமான கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் தண்ணீர் ஏறக்குறைய 1.5 சென்டிமீட்டர் உயரம் ஏறும். இடைவெளியை 0.1 மில்லிமீட்டராகக் குறைத்தால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் ஏறும். இடுக்கு பத்து மடங்கு குறுகினால், ஏற்றம் பத்து மடங்கு கூடுகிறது. கண்ணுக்கே தெரியாத விரிசல், கண்ணுக்குத் தெரியும் விரிசலைவிடத் தண்ணீரை அதிகமாக உறிஞ்சுவது இதனால்தான்.

இரண்டாவது வழி, காற்றின் அழுத்தம். மலாக்கா நீரிணையை ஒட்டிய நம் கரையில் விடியற்காலையில் திடீரென்று வீசும் ‘சுமத்ரா’ சூறைக்காற்றைப் பற்றி மீனவர்கள் நன்றாக அறிவார்கள். காற்று வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஒரு பரப்பின் மீது மோதும்போது உண்டாகும் அழுத்தத்தைக் கணக்கிடலாம். வேகத்தின் இருமடியைக் காற்றின் அடர்த்தியால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும். காற்றின் அடர்த்தி கனமீட்டருக்கு 1.2 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால் விடை 240 பாஸ்கல். இது 2.4 சென்டிமீட்டர் உயரமுள்ள தண்ணீரைத் தாங்கி நிறுத்தப் போதுமானது. ஆகவே ஜன்னலின் கீழ்விளிம்பில் 2 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தடுப்பு வைத்திருந்தாலும், அத்தகைய காற்று மழைநீரை அதற்கு மேல் தள்ளி உள்ளே அனுப்பிவிடும்.

மூன்றாவது வழி, அலை. ஜன்னலின் அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பரப்பளவு 0.24 சதுர மீட்டர். அதன் மேல் ஒரு மீட்டர் ஆழமுள்ள தண்ணீர் அழுத்தினால், அழுத்தம் சுமார் 9,800 பாஸ்கல். விசை சுமார் 2,350 நியூட்டன். அதாவது 240 கிலோ எடை. 60 கிலோ எடையுள்ள நான்கு பேர் அந்தக் கண்ணாடியின் மேல் ஏறி நிற்பதற்குச் சமம். தண்ணீர் அசையாமல் நின்றாலே இவ்வளவு. வேகமாக வந்து அறையும் அலை என்றால் இன்னும் கூடும்.

வெயில் செய்யும் வேலை

இந்த மூன்று வழிகளும் ஏற்கெனவே இருக்கும் இடுக்கைப் பயன்படுத்திக்கொள்கின்றன. சரி, புதிதாக ஒட்டிய ஜன்னலில் அந்த இடுக்கு எப்படி உண்டாகிறது? பெரும்பாலும் வெயில்தான் அதைத் திறக்கிறது.

படிவம் 2 அறிவியலில் வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்று படித்திருப்பீர்கள். எல்லாப் பொருள்களும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். ஒரு மீட்டர் நீளமுள்ள பொருளின் வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால், சாதாரணக் கண்ணாடி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 9 பங்கு விரியும். எஃகு 12 பங்கு. அலுமினியம் 23 பங்கு. அக்ரிலிக் பலகையோ ஏறக்குறைய 70 பங்கு விரியும். மரம் அதன் நார் ஓடும் திசையில் 4 பங்கு அளவில்தான் விரிகிறது.

நம் கரையில் விடியற்காலை 25 பாகை செல்சியஸ் இருக்கும் ஜன்னல் பலகை, நடுப்பகல் வெயிலில் 60 பாகை வரை சூடேறுவதாக வைத்துக்கொள்வோம். கறுப்புச் சாயம் ஏற்றிய பலகைக்கு இது நடக்கக்கூடியதே. வேறுபாடு 35 பாகை. ஒரு மீட்டர் நீள அக்ரிலிக் பலகை 2.45 மில்லிமீட்டர் நீளும். அதைச் சுற்றியுள்ள மரச்சட்டம் 0.14 மில்லிமீட்டர்தான் நீளும். இரண்டுக்கும் வித்தியாசம் 2.3 மில்லிமீட்டர். பலகையின் நடுப்பகுதி நகராமல் இருந்தால், ஒவ்வொரு முனையும் 1.15 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். இரவில் மீண்டும் உள்ளே சுருங்கும். நாளைக்கு மறுபடியும். ஆக, ‘அசையாத’ ஜன்னல் என்று நாம் சொல்வது ஒவ்வொரு நாளும் அசைந்துகொண்டுதான் இருக்கிறது.

மூன்று மில்லிமீட்டரின் மதிப்பு

ஜன்னலை ஒட்டும்போது பலர் செய்வது இதுதான்: பசையைத் தடவி, பலகையை வைத்து, திருகுகளை முடிந்தமட்டும் முறுக்குவார்கள். பசை ஓரங்களில் பிதுங்கி வெளியே வரும். “நன்றாக இறுகிவிட்டது” என்று திருப்தி வரும். உண்மையில் ஒழுகலுக்கான ஏற்பாடு அப்போதே செய்யப்பட்டுவிட்டது.

பிதுங்கியது போக, நடுவில் எஞ்சிய பசையின் தடிமன் 0.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் முனை 1.15 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்கிறது. நேராக நின்ற பசை இழை இப்போது சாய்ந்து நிற்கும். அதன் புதிய நீளத்தைக் கண்டுபிடிக்க பித்தாகரஸ் தேற்றம் போதும். 0.5-இன் இருமடியையும் 1.15-இன் இருமடியையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1.25 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது பசை தன் நீளத்தைப் போல் இரண்டரை மடங்காக இழுபடுகிறது. தினமும் இப்படி இழுபட்டால் எந்தப் பசையும் ஒருநாள் பரப்பிலிருந்து உரிந்துவிடும்.

இப்போது பசையின் தடிமனை 3 மில்லிமீட்டராக வைத்துக்கொள்ளுங்கள். அதே கணக்கு. 3-இன் இருமடியையும் 1.15-இன் இருமடியையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3.21 மில்லிமீட்டர். பசை 7 விழுக்காடு மட்டுமே நீள்கிறது. பலகை அதேதான், வெயில் அதேதான், நகர்வும் அதேதான். தடிமனை மாற்றியதால் மட்டும் 150 விழுக்காட்டு இழுப்பு 7 விழுக்காடாகக் குறைந்துவிட்டது.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். இறுக்கிப் பிடித்த ஜன்னல் சீக்கிரம் ஒழுகும். அசைய இடம் கொடுத்த ஜன்னல் நீண்ட நாள் நிற்கும்.

தைத்துக் கட்டிய படகுகள்

அசைய இடம் கொடுப்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், பெரிய கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நின்றன. அங்கிருந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசூலா படகுகள். அவற்றின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை. தேங்காய் நார்க் கயிற்றால் ஒன்றோடொன்று தைத்தார்கள். சோழமண்டலக் கரையில் உடைந்து விழும் அலைகளில் ஆணி அடித்த படகு மோதினால் பலகை பிளக்கும். தைத்த படகோ அலையின் அடியை வாங்கி, வளைந்து கொடுத்து, மணலில் வந்து ஏறும். கொஞ்சம் தண்ணீர் கசியும். அதை இறைத்து ஊற்றிக்கொள்வார்கள்.

பலகை இடுக்குகளில் நாரையும் பஞ்சையும் திணித்து அடைக்கும் தொழிலுக்குத் தமிழில் ‘கலப்பற்று’ என்று தனிப் பெயரே உண்டு. நம் நாட்டில் திரெங்கானுவின் மலாய்ப் படகுத் தச்சர்கள், செங்கால் மரப் பலகைகளுக்கு நடுவே கெலாம் மரத்தின் பட்டையை வைத்தார்கள். காகிதம் போல் அடுக்கடுக்காக உரியும் அந்தப் பட்டை, தண்ணீரில் நனைந்ததும் ஊதிப் பெருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும். நாரும் பட்டையும் செய்த வேலையை இன்று ஜன்னல் ஓரத்தில் செய்வது ரப்பரும் அதன் உறவினர்களும்தான்.

பால்மரம் தந்த பாடம்

ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம், பெஸ்தாரி ஜெயா என்று நம் வட்டாரத்தில் எந்தப் பக்கம் போனாலும், “தாத்தா பால்மரம் வெட்டினார், பாட்டி பால் எடுத்தார்” என்று சொல்லும் குடும்பங்கள் இருக்கும். இன்று அந்தத் தோட்டங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. அந்தத் தாத்தா பாட்டி எடுத்த பால் உலகின் வாகனங்களுக்குச் சக்கரமாகவும், கப்பல்களின் ஜன்னல்களுக்கு ஓரப்பட்டையாகவும் போய்ச் சேர்ந்தது.

ரப்பர் மரத்தின் தாயகம் பிரேசில். 1876-இல் அங்கிருந்து விதைகள் லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டன. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. மலாயாவின் தோட்டங்கள் அந்தத் தொடக்கத்திலிருந்து வளர்ந்தவை. 1925-இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. அக்கழகம் உருவாக்கிய ‘ஆர்.ஆர்.ஐ.எம். 600’ என்ற மரவகை பல நாடுகளில் நடப்பட்டது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த எண்ணைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.

பாலை உறைய வைத்து எடுத்த கச்சா ரப்பரை அப்படியே பயன்படுத்த முடியாது. சூட்டில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839-இல் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். நூடுல்ஸ் போல் சிக்கலாகக் கிடக்கும் நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கு நடுவே கந்தகம் சிறு பாலங்களைக் கட்டுகிறது. இழுத்தால் நீளும், விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். படிவம் 5 வேதியியலில் பாலிமர் பாடத்தில் இதைப் படிப்பீர்கள்.

ஆனால் இயற்கை ரப்பருக்கு ஒரு பலவீனம் உண்டு. அதன் மூலக்கூறுச் சங்கிலியில் கார்பன் அணுக்களுக்கு நடுவே இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன. காற்றில் உள்ள சிறிதளவு ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தாக்கி, சங்கிலியை அறுக்கும். இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரில் இது வேகமாக நடக்கும். வெயிலும் சேர்ந்தால் ரப்பர் விறைத்து, வெடித்துப் போகும். பழைய ஜன்னல் பட்டையில் தெரியும் குறுக்கு வெடிப்புகளுக்கு இவைதான் காரணம்.

இந்தப் பலவீனத்தைப் போக்க வேதியியலாளர்கள் வேறு ரப்பர்களை உருவாக்கினர். 1930-இல் அமெரிக்காவின் டூபோண்ட் நிறுவனத்தில் உருவான நியோபிரீன் அவற்றுள் ஒன்று. அதன் சங்கிலியில் உள்ள குளோரின் அணு ஓசோனின் தாக்குதலைக் குறைக்கிறது. பிறகு வந்த ஈ.பி.டி.எம். ரப்பரின் முதன்மைச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பே கிடையாது. அதனால்தான் இன்று கார், படகு ஆகியவற்றின் ஓரப்பட்டைகளில் இதையே அதிகம் பயன்படுத்துகிறார்கள். சிலிக்கோன் இன்னும் வேறுபட்டது. அதன் முதுகெலும்பில் கார்பன் இல்லை. சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறி வருகின்றன. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள அதே பிணைப்பு என்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும்.

மூலை என்னும் ஆபத்து

நம் முன்னோர் பலரை நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பினாங்குக்கும் போர்ட் சுவெட்டன்ஹாமுக்கும் கொண்டுவந்தது, 1926-இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல். போர்ட் சுவெட்டன்ஹாம் என்பது இன்றைய போர்ட் கிள்ளான். அந்தக் காலக் கப்பல்களின் படங்களைப் பார்த்தால், உடற்பகுதியில் ஜன்னல்கள் வட்டமாக இருப்பதைக் காணலாம். வட்டத்தில் மூலை கிடையாது என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு தகட்டை இழுக்கும்போது விசை அதன் வழியாக ஆற்று நீரோட்டம் போல் பாய்கிறது. நடுவில் ஓட்டை இருந்தால், விசை அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். வட்ட ஓட்டையைச் சுற்றி மெல்ல வளைந்து போகலாம். கூர்மையான மூலையில் திடீரென்று திரும்ப வேண்டியிருப்பதால் அந்த இடத்தில் விசை நெரிசலாகிறது. இதைத் தகைவுச் செறிவு என்பர். விரிசல் அங்கே தொடங்கும்.

உலகம் இந்தப் பாடத்தைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1952-இல் பயணிகள் சேவையைத் தொடங்கிய ‘காமெட்’, உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானம். 1954 ஜனவரி 10-ஆம் நாள், சிங்கப்பூரிலிருந்து லண்டன் நோக்கிச் சென்ற ஒரு காமெட், ரோமிலிருந்து புறப்பட்டபின் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே வானத்திலேயே சிதறியது. அதிலிருந்த 35 பேரும் இறந்தனர். ஏப்ரல் 8-ஆம் நாள் இன்னொரு காமெட் நேப்பல்ஸ் அருகே கடலில் விழுந்தது. 21 பேர் இறந்தனர்.

இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஆர்னல்ட் ஹால் தலைமையில் ஆராய்ந்தார்கள். முழு விமான உடலையும் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போதும் இறங்கும்போதும் உண்டாகும் அழுத்த மாற்றத்தைத் திரும்பத் திரும்ப உண்டாக்கினார்கள். விமானம் ஏற்கெனவே பறந்த தடவைகளையும் சேர்த்து, 3,057-ஆவது சுற்றுக்குப் பின் உடல் கிழிந்தது. விரிசல் ஒரு ஜன்னல் திறப்பின் மூலை அருகே தொடங்கியிருந்தது. எல்பா அருகே கடலிலிருந்து எடுத்த பாகங்களிலும், விமானத்தின் கூரையில் வானொலி உணர்கம்பிக்காக வெட்டப்பட்ட ஜன்னல் போன்ற திறப்பின் மூலையருகே விரிசல் தொடங்கியது தெரிந்தது. ஒரு தடவை தாங்கிய உலோகம் ஆயிரம் தடவை தாங்கும் என்று சொல்ல முடியாது. இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

இதைப் படகோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெயிலில் விரிந்து இரவில் சுருங்குவது ஒரு சுற்று என்றால், 3,057 சுற்றுகளுக்கு எட்டரை ஆண்டுகூட ஆகாது. படகு ஜன்னலும் விமான உடலும் ஒன்றல்ல என்றாலும், சிறிய விசை பல தடவை சேர்ந்தால் என்ன செய்யும் என்பது இரண்டிலும் ஒன்றுதான். ஆகவே படகு ஜன்னலின் மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும். திருகு ஓட்டைகளை விளிம்புக்கு மிக அருகே போடக்கூடாது.

எந்தப் பலகை நல்லது?

படகு ஜன்னலுக்கு மூன்று பொருள்கள் பயன்படுகின்றன. ஒன்று, கடினப்படுத்திய கண்ணாடி. கண்ணாடியை 600 பாகைக்கு மேல் சூடாக்கி, காற்றை ஊதி வேகமாகக் குளிர்வித்தால் அதன் மேற்பரப்பு நெருக்கப்பட்ட நிலையில் உறைந்துவிடும். சாதாரணக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு வலிமை கிடைக்கும். கீறல் எளிதில் விழாது. ஆனால் கனம் அதிகம். கடினப்படுத்திய பின் வெட்டவோ துளையிடவோ முடியாது. முயன்றால் முழுவதும் சிறு துண்டுகளாகச் சிதறும்.

இரண்டு, அக்ரிலிக். எடை கண்ணாடியில் பாதி. வெயிலில் நிறம் மாறாமல் நெடுநாள் நிற்கும். ஓரளவு கடினமானது. ஆனால் பலமாக அடித்தால் விரியும்.

மூன்று, பாலிகார்பனேட். போலீசாரின் தடுப்புக் கேடயம் இதனால் செய்யப்படுவதே. சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது. ஆனால் சுலபமாகக் கீறல் விழும். மேலே பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் வெயிலில் மஞ்சளாகும். அக்ரிலிக்கைவிட எளிதில் வளைவதால், அதே வலுவுக்குத் தடிமன் கூடுதலாக வேண்டும்.

மாற்றும் முறையும் அதன் காரணமும்

கைத்தேர்ந்த படகுத் தச்சர் ஒழுகும் ஜன்னலை மாற்றும்போது செய்யும் ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் இருக்கிறது.

முதலில் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே சொட்டும் இடமும், வெளியே நுழையும் இடமும் ஒன்றாக இருக்காது. தண்ணீர் மரத்துக்குள் நெடுந்தூரம் ஓடியிருக்கும். உள்பக்கம் சுண்ணக்கட்டித் தூளைத் தடவிவிட்டு, வெளியே குழாயால் கீழிருந்து தொடங்கி மெல்ல மேலே நனைக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எங்கும் வழிந்து, எந்த இடம் குற்றவாளி என்று தெரியாமல் போகும்.

பிறகு ஜன்னலைக் கழற்றி, பழைய பசையை முழுக்கச் சுரண்ட வேண்டும். பழைய சிலிக்கோன் மேல் வேறு எதுவும் ஒட்டாது, சாயம்கூட. மரத்தைக் கூரான கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். கம்பி எளிதில் இறங்கினால் மரம் மக்கியிருக்கிறது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை மக்க வைக்கும் பூஞ்சை வளராது. நன்றாக நனைந்து, நெடுநாள் காயாமல் இருந்தால் அது வேகமாகப் பரவும். இதில் ஒரு வியப்பான செய்தி: கடல்நீரைவிட மழைநீரே மரத்துக்கு அதிகக் கேடு. உப்பு பூஞ்சையைத் தடுக்கும். முற்காலத்தில் மரக்கப்பல் கட்டியவர்கள் சட்டங்களுக்கு நடுவே உப்பைக் கொட்டி வைத்ததும் உண்டு.

மக்கிய பகுதியை வெட்டி எடுத்து, புதிய மரம் வைத்து, நன்றாகக் காய வைத்த பிறகுதான் புதிய பலகை. அட்டையில் அளவு வெட்டிப் பார்த்து, அதன்படி பலகையை வெட்ட வேண்டும். பலகை திறப்பைவிடப் பெரிதாக, வெளிப்பக்கத்தில் உட்கார வேண்டும். அப்போது அலை மோதினால் பலகை சட்டத்தின் மேல் அழுந்தும். உள்பக்கத்தில் பொருத்தினால், அலையின் 240 கிலோவையும் திருகும் பசையும் மட்டுமே தாங்க வேண்டியிருக்கும்.

திருகு ஓட்டை, திருகைவிட 2 மில்லிமீட்டராவது அகலமாக இருக்க வேண்டும். அப்போதுதான் பலகை விரிய இடம் கிடைக்கும். கூம்புத் தலைத் திருகு வேண்டாம். அது ஆப்பு போல் ஓட்டையைப் பிளக்கும். தட்டையான தலையும் அகன்ற வளையமும் கொண்ட திருகே நல்லது.

அக்ரிலிக், பாலிகார்பனேட் பலகையைத் தின்னர், பெட்ரோல், அசிட்டோன் கொண்டு துடைக்கவே கூடாது. இவை பலகைக்குள் ஊடுருவி, சிலந்தி வலை போல் நுண்ணிய வெடிப்புகளை உண்டாக்கும். சவர்க்கார நீரும் மென்மையான துணியும் போதும். பசையையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். படகுக்கடையில் விற்கும் பாலிசல்பைட் பசை மரத்துக்கும் உலோகத்துக்கும் நல்லது. ஆனால் இந்தப் பிளாஸ்டிக் பலகைகளைக் கெடுத்துவிடும். புளிக்காடி வாடை வரும் சிலிக்கோன் உலர்கையில் அசிட்டிக் அமிலத்தை வெளிவிடுகிறது. அது உலோகச் சட்டத்தை அரிக்கும். அங்கே வாடையில்லாத நடுநிலை வகையைப் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு ரப்பர் துண்டுகளை ஆங்காங்கே வைத்து, பசையைத் தாராளமாகப் பூசி, பலகையை மெதுவாக அழுத்த வேண்டும். திருகைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் திருகினால் போதும். இந்தப் பசைகள் காற்றின் ஈரப்பதத்தை வாங்கி, வெளியிலிருந்து உள்நோக்கி உறைகின்றன. ஒரு நாளைக்கு 2 அல்லது 3 மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டு அடுத்த நாளே கடலுக்குப் போனால், நடுவில் இன்னும் களிம்பாக இருக்கும் பசை நகர்ந்துவிடும். ஜன்னலுக்கு மேலே சிறு பள்ளக்கோடு ஒன்று வெட்டி வைத்தால், கூரையிலிருந்து வழியும் நீர் பின்பக்கமாக ஓடாமல் அங்கேயே சொட்டி விழும்.

செய்து பாருங்கள்

ஒன்று: நுண்ணோக்கிக்குப் பயன்படும் இரண்டு கண்ணாடித் தகடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்க விளிம்புகளை ஒட்ட வைத்து, மறுபக்கத்தில் தீக்குச்சி ஒன்றைச் செருகி, ரப்பர் வளையத்தால் கட்டுங்கள். சாயம் கலந்த நீரில் நிறுத்துங்கள். தகடுகள் நெருங்கிய பக்கம் நீர் உயரமாகவும், விலகிய பக்கம் தாழ்வாகவும் ஏறி ஓர் அழகிய வளைகோடு தெரியும். கணிதப் பாடத்தில் நேர்மாறு விகிதத்துக்கு நீங்கள் வரையும் வரைபடம்தான் அது.

இரண்டு: ஒரே பொட்டலத்திலிருந்து இரண்டு ரப்பர் வளையங்களை எடுத்து, இரண்டு மரத்துண்டுகளில் ஒரே அளவு இழுத்து மாட்டுங்கள். ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை அலமாரிக்குள்ளும் வையுங்கள். தினமும் பூதக்கண்ணாடியால் பார்த்து, எத்தனையாவது நாளில் வெடிப்பு தோன்றுகிறது என்று குறித்து வாருங்கள்.

மூன்று: இரண்டு அளவுகோல்களை மெல்லிய இருபக்க ஒட்டு நாடாவால் ஒட்டுங்கள். வேறு இரண்டை, பஞ்சு போன்ற தடித்த இருபக்க நாடாவால் ஒட்டுங்கள். இப்போது ஒவ்வொரு இணையையும் எதிரெதிர்த் திசையில் ஒரு மில்லிமீட்டர் நகர்த்திப் பாருங்கள். எது உரிந்து வருகிறது, எது விட்டுக்கொடுத்துத் திரும்புகிறது என்பதை உங்கள் விரல்களே சொல்லும்.

படகுத்துறைக்குப் போகும்போது, அங்கே வேலை செய்யும் தச்சரிடமோ தெக்கோங்கிடமோ பணிவாகக் கேட்டுப் பாருங்கள்: “இந்த ஜன்னலுக்கு எத்தனை மில்லிமீட்டர் பசை விடுவீர்கள்?” பதிலைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, மேலே உள்ள கணக்கில் அந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். அவர் அனுபவத்தில் கண்டதும் பித்தாகரஸ் சொல்வதும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று தெரிந்துவிடும்.